பதினேழாம் கருவி

ஆய்வகத்தில் பட்டம் இல்லாதவன் நான் ஒருவன்தான்.
சாலிடர் வைப்பேன், கம்பி உரிப்பேன்,
குளிரில் செத்த பேட்டரியை அக்குளில் இடுக்கி
உயிர் வந்ததா என்று பார்ப்பேன்.

உலான்பாத்தரின் வடக்கு மேட்டில்
கெர் கூடாரங்களுக்கு நடுவே
நாற்பது கருவிகள் மாட்டினோம்,
வேலிக்கம்பத்தில், தண்ணீர்க் கொட்டகையில்,
ஒன்று பள்ளிக் கழிப்பறைச் சுவரில்.
தீப்பெட்டி அளவு மூக்குகள்.
காற்றில் எவ்வளவு கரி என்று
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முகர்ந்து சொல்லும்.

முப்பத்தொன்பது ஊரோடு ஒத்துப்போயின.
மாலையில் ஏறும், நடுநிசியில் தணியும்,
விடியலில் மறுபடி ஏறும்.
பதினேழு மட்டும்
ஊரே அடங்கிய இரவு இரண்டு நாற்பதுக்கு
கோட்டைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடிக்கும்.
ஞாயிறு மட்டும் தூங்கும்.

டெல்கெர்மா மூன்று வாரம் அதனோடு மல்லுக்கட்டினாள்.
பள்ளத்தாக்குக் காற்று என்றாள்.
மேலே வெப்பம், கீழே குளிர், நடுவே சிக்கிய புகை என்றாள்.
பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தபடி
"கருவிக் கோளாறு, நீக்கிவிடு" என்றார்.
கோளாறு என்றால் அது என் சாலிடர்.
சுருக்கென்றது எனக்கு.
காற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறையா என்று கேட்டேன்.
யாரும் சிரிக்கவில்லை.

அன்றிரவே இருவரும் போனோம்.
மைனஸ் முப்பத்திரண்டு.
கண்ணை மூடினால் இமைகள் ஒட்டிக்கொண்டன.
பனிக்கட்டியில் ஏற மாட்டேன் என்று
டாக்சிக்காரர் மேட்டடியிலேயே இறக்கிவிட்டார்.
வேலிக்கு வெளியே நின்று
"நாயைப் பிடியுங்கள்!" என்று குரல் கொடுத்தோம்.
நாய் இல்லாத வீட்டு வாசலிலும்
அப்படிச் சொல்லித்தான் நுழைவோம்.
இங்கே நாய் இருந்தது.

கதவு திறந்தது.
முதலில் ஆவி வந்தது,
பிறகு மாவு படிந்த ஒரு முழங்கை,
பிறகு யஞ்சின்லம்.
அடுப்பில் அப்போதுதான் கரி அள்ளிப் போட்டிருந்தாள்.
ஆட்டுக்கறி வாசனை, வெங்காயம்,
பலகை பலகையாக
வாய் குவித்து உட்கார்ந்திருந்த பூஸ் கொழுக்கட்டைகள்.
எண்ணூறு என்றாள்.
ஆறு மணிக்கு வண்டி வருமாம்.
"எங்கே போகிறது?"
"உங்கள் பல்கலைக்கழக கேன்டீனுக்குத்தான். தெரியாதா?"

நான் டெல்கெர்மாவைப் பார்த்தேன்.
அவள் தன் கையுறையைப் பார்த்தாள்.
நாள்தோறும் காலை எட்டரைக்கு
திரையின் முன் உட்கார்ந்து
அந்தச் செங்குத்துக் கோட்டைத்தான்
கையெல்லாம் சாறு ஒழுகத்
தின்றுகொண்டிருந்தோம்.

"அந்தப் பெட்டியில் நான் தெரிகிறேனா?"
தெரிகிறீர்கள் என்றேன்.
"கெட்டவளாகவா?"
நான்கு மொழிகளில் ஆய்வுக்கட்டுரை படிப்பவள்
வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.
யஞ்சின்லம் சிரித்தாள். இருமலோடு சேர்ந்த சிரிப்பு.
சூடாக இரண்டு எடுத்து எங்கள் கையில் வைத்தாள்.

பதினேழை நீக்கவில்லை.
மின்சார அடுப்புக்கு நிதி கேட்டுப் பேராசிரியரே கடிதம் எழுதினார்,
அது எந்த மேசையில் இருக்கிறதோ.
கேன்டீன் மேலாளர் கணக்குப் போட்டார்:
மின்சாரத்தில் அவித்தால்
ஒன்றுக்கு இருநூறு துக்ரிக் கூடும், சம்மதமா?
அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம்.
யாரோ பென்சிலில் 'சரி' என்று எழுதியிருந்தார்கள்.
அதற்குக் கீழே இன்னொரு கை:
'என்னால் முடியாது. மன்னியுங்கள்.'
அந்த இரண்டாவது எழுத்தை
வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போதெல்லாம் இரண்டு நாற்பதுக்கு
விழிப்பு வந்துவிடுகிறது.
போர்வைக்குள்ளேயே போனில் பதினேழைத் திறப்பேன்.
கோடு ஏறும்.
நகரத்துக்குக் கெட்ட சேதி, எனக்கு நல்ல சேதி:
எழுந்துவிட்டாள்.
திரும்பிப் படுப்பேன்.

நேற்று புதன்கிழமை.
மூன்று மணி வரை ஏறவில்லை.
விளக்கைப் போட்டு
பூட்ஸைத் தேடினேன்.